விருந்தாளிச் செருப்பு

ஓகுராஹமா
ஜனவரி 24

திருமதி ஓனுமா மினாகோ அவர்களுக்கு,

பனி, குளிர், உடல்நலம் பற்றிய முகமன்களை விட்டுவிடுகிறேன். அவற்றை உங்களுக்கு எழுத எனக்கு மனமில்லை.

குடும்ப நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் தம்பி யசுஹிரோ காணாமல் போய் ஏழு ஆண்டு முடிந்துவிட்டதால் அவனை இறந்தவனாக அறிவிக்கச் சொல்லி நீங்கள் மனுக் கொடுத்திருக்கிறீர்களாம். உடன்பிறந்தவள் என்ற முறையில் எனக்கு என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். அவன் செத்ததை யாரும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதையே எழுதி அனுப்பப் போகிறேன். நான் சம்மதிக்க மாட்டேன்.

வேலை போன பிறகும் ஓர் இலையுதிர்காலம் முழுக்க அவன் தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். அதைக் கண்டுபிடிக்காத மனைவி, அவன் செத்ததை மட்டும் எப்படிக் கண்டுபிடித்தாள்?

இன்னொன்று. என் பார்லருக்கு வரும் பெண்கள் டிவியில் வாரா வாரம் வரும் ஒரு பொம்மைப் படத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ‘விருந்தாளிச் செருப்பு’. கடைசியில் ஓடும் பெயர்களில் திரைக்கதை என்று உங்கள் பெயரைப் பார்த்தேன். கதையில் காணாமல் போகும் பையன் கழுத்தில் கடுகு நிற மஃப்ளர், ஒரு முனையில் பச்சை நூலால் ஒட்டுத் தையல். அந்த மஃப்ளரைப் பின்னியவள் நான். பச்சை நூல், கையில் வேறு நூல் இல்லாததால். என் தம்பியை வாரம் ஒரு துண்டாக நறுக்கி விற்கிறீர்கள்.

ஃபோன் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுவேன். பார்லரில் ஆட்கள் இருப்பார்கள்.

ஓனுமா தொமோயே

பி.கு.: படத்தில் வரும் அந்த மருந்துக்கடைக்காரன் நல்லவனாகத் தெரியவில்லை.

•

டோக்கியோ
பிப்ரவரி 2

அக்காவுக்கு,

உறையின் மேல் ‘திருமதி’ என்று பார்த்ததும் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்திருந்தேன். ஆனாலும் உங்கள் கையெழுத்து வீட்டுக்குள் வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

மனுவுக்குக் காரணம் இதுதான். நாங்கள் இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். இத்தனை வருடம் நான் வீடு மாற்றாமல் இருந்தது, அவர் வந்தால் தட்டுவதற்கு அந்தக் கதவு இருக்க வேண்டும் என்பதற்காக. கதவே இல்லாமல் போன பிறகு நான் யார்? காத்திருப்பவள் எங்கேயாவது உட்கார்ந்து காத்திருக்க வேண்டும் அல்லவா? அவர் இறந்துவிட்டார் என்று நான் நம்பவில்லை, அக்கா. இறக்கவில்லை என்று நம்பவும் எனக்குத் தெம்பில்லை.

தொடரில் வரும் இத்சுகி உங்கள் தம்பி இல்லை. அவன் பதினெட்டு வயதுப் பையன். கோதொனே என்ற பெண்ணின் வீட்டில் தங்கிப் படிக்கிறான். ஒரு பனிக்காலக் காலையில் காணாமல் போகிறான். அவள் ஊரில் ஒவ்வொருவராகப் பார்த்து விசாரிக்கிறாள். ஒவ்வொரு பகுதியிலும் அவன் எங்கே போனான் என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கும். கூடவே, அவனை அவள் ஏன் நேசித்தாள் என்பதற்கு ஒரு காரணமும் கிடைக்கும். அந்தப் பக்கம் துப்பு சேரச் சேர, இந்தப் பக்கம் இழப்பு பெரிதாகிறது. பார்க்கிறவர்களைப் பிடித்து இழுப்பது அதுதான் என்று இயக்குநர் சொல்கிறார். என்னையும் அதுதான் இழுக்கிறது.

மஃப்ளர் அவருடையதுதான். அதைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். நீங்கள் கோபப்படுவது நியாயம்.

மருந்துக்கடைக்காரரைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

மினாகோ

•

ஓகுராஹமா
பிப்ரவரி 14

மினாகோ அவர்களுக்கு,

நீதிமன்றத்துக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. மனம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பனி வாரிப்போடவே நாள் போய்விடுகிறது.

பார்லரில் இப்போது செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டம். இசோபே என்று வயதான வாடிக்கைக்கார அம்மா ஒருவர். அவருடைய பேரன் டேப்லெட்டில் படத்தைப் பதிந்து கொடுத்துவிடுகிறான். தலையில் சுருள் மாட்டிக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நான் கண்ணாடியில் இடம் வலம் மாறிப் பார்க்கிறேன்.

போன வாரம் இசோபே அம்மா ஆரம்பித்தார்:

“தொமோயே, அந்த மருந்துக்கடைக்காரன் கையில எப்பவும் க்ளவுஸ். எதுக்கு? சொல்லு பார்ப்போம்.”

“குளிருதுன்னு போட்டிருப்பான்.”

“குளிருதாம்! கடைக்குள்ள ஹீட்டர் எரியுது. நான் பார்த்தேன். நீ கத்தரியைப் பாரு, என் காதை வெட்டிறாதே.”

“இந்தப் பொண்ணுக்குக் கண்ணு இவ்ளோ பெருசா இருக்கு, பக்கத்துல இருந்தவன் மனசுல என்ன இருக்குன்னு தெரியலையே?” இது நிஷிகாவா.

“காதல்னா அப்படித்தான்டீ. எங்க வீட்டுக்காரர் என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ எனக்கும் கண்ணு பெருசாத்தான் இருந்துச்சு. என்னத்தைக் கண்டேன்?”

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அந்தச் செருப்புக் காட்சி வந்தது. ஒரு வருடமாக அந்த வீட்டில் தங்கியிருக்கிற பையன், வந்த நாள் முதல் விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் செருப்பைத்தான் வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடக்கிறான். ஒரு நாள் பள்ளி விட்டு வருகிறான். வாசலில் நீல நிறத்தில் ஒரு ஜோடி புதுச் செருப்பு, வீட்டு ஆட்கள் போடுகிற மாதிரி. உள்ளே அவள் காய் நறுக்குகிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் அதில் கால் நுழைக்கிறான். கத்திச் சத்தம் ஒரு நொடி நிற்கிறது. பிறகு தொடர்கிறது. அவ்வளவுதான். கை கூடப் பிடித்துக்கொள்ளவில்லை. ட்ரையருக்கு அடியில் இசோபே அம்மா மூக்கை உறிஞ்சினார். “சூடு ஜாஸ்தி, குறை”ன்னு என்னைத் திட்டினார். ட்ரையர் ஓடவே இல்லை.

இதை உன் தலைக்குள்ளிருந்து எடுத்தாயா என்று அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். உன்னை எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். நீ இப்படி ஒருத்தி என்று தெரியாது.

‘நீ’ என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டு எழுதப் பொறுமை இல்லை.

கேட்க வந்தது இது. அந்தப் பையனை உயிரோடு கொண்டுவந்துவிடு. உன்னால் முடியும். உனக்கு அது ஒரு வரி வேலை.

தொமோயே

•

டோக்கியோ
பிப்ரவரி 22

அக்காவுக்கு,

முடியாது. முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கடைசிப் பகுதியை எழுதும்போது அவனைக் கதவுக்கு வெளியே நிறுத்தினேன். கோதொனே கதவைத் திறக்கிறாள். அவன் நிற்கிறான். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவன் வாயைத் திறந்தால் என்ன சொல்வான்? ஏழு வருடமாக எனக்குக் கிடைக்காத பதிலை அவளுக்கு எப்படி எழுதிக் கொடுப்பது? மூன்று வாரம் அப்படியே கிடந்தது. கடைசியில் இயக்குநரிடம், அவன் இறந்துவிட்டான், அவள் அவனைத் தாமதமாகக் கண்டுபிடிக்கிறாள் என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள் போலிருக்கிறது. படம் வரைந்து முடியப் போகிறது. குரல் மட்டும் பாக்கி.

இதை நான் உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. இசோபே அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

மினாகோ

•

ஓகுராஹமா
மார்ச் 5

மினாகோ,

இன்று எட்டாம் பகுதி பார்த்தோம். அவன் காணாமல் போன காலையைக் காட்டினார்கள்.

அவன் வாசலில் ஷூ போட்டுக்கொள்கிறான். திரும்பி, இடுப்பு வளையக் குனிந்து வணங்கி, “ரொம்ப நாள் தொந்தரவு கொடுத்துட்டேன்” என்கிறான். விருந்து முடிந்து கிளம்புகிறவர்கள் சொல்கிற மாதிரி. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, “பரவாயில்லைங்க, மறுபடியும் வாங்க” என்கிறாள். அவன் போய்விடுகிறான். நீலச் செருப்பு சுவரோரம் ஒழுங்காக நிற்கிறது. அவன் கழற்றி வைத்திருப்பது விருந்தாளிச் செருப்பு.

பார்லரில் எல்லாரும் சிரித்தார்கள். நிஷிகாவா, “குறும்புக்காரன்”னு சொன்னாள். என் கையிலிருந்து சாயக் கிண்ணம் விழுந்தது.

ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அந்த வாக்கியம் நீ கற்பனை செய்ததா? இல்லை, அவன் சொன்னதா?

தொமோயே

•

டோக்கியோ
மார்ச் 7

அக்காவுக்கு,

அவர் சொன்னது.

டிசம்பர் முதல் வாரம். எனக்கு அன்று மாலைக்குள் ஒரு பகுதி எழுதித் தர வேண்டியிருந்தது. தலையில் பென்சில், கையில் குப்பைப் பை. அவர் வாசலில் இருந்தார். வழக்கமாக எல்லாரையும் போல “போயிட்டு வர்றேன்” என்பார், நான் “போயிட்டு வாங்க” என்பேன், முகம் பார்த்துக்கொள்ளாமலே. அன்று அவர் திரும்பி நின்று குனிந்து வணங்கினார். “ரொம்ப நாள் தொந்தரவு கொடுத்துட்டேன்” என்றார். நான் சிரித்தேன். அவர் எப்போதும் ஏதாவது விளையாடுவார், உங்களுக்குத் தெரியும். நானும் குப்பைப் பையோடு குனிந்து, “மறுபடியும் வாங்க” என்றேன். அவரும் சிரித்தார். நிஜமான சிரிப்பு. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

நவம்பரில் வாடகை ஒப்பந்தத்தை என் பெயருக்கு மாற்றியிருந்தோம். “உனக்குத்தான் வேலை நிலையா இருக்கு. இனிமே இது உன் வீடு, நான் விருந்தாளி” என்று அப்போதும் சொன்னார். அதையும் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

போலீசில், போகும்போது வித்தியாசமாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். விளையாட்டை யாராவது வாக்குமூலத்தில் சொல்வார்களா? உங்களிடமும் சொல்லவில்லை. நீங்கள் அன்று என்னைப் பார்த்த பார்வையில் சிரித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

தொடரில் வைத்தேன். எல்லாரும் சிரிக்கட்டும், நான் மட்டுமே சிரித்தவளாக இருக்க வேண்டாம் என்றிருந்தது.

ஏன் கேட்கிறீர்கள்?

மினாகோ

•

ஓகுராஹமா
மார்ச் 9

மினாகோ,

இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான்தான் சொல்லியிருக்க வேண்டும். கல்யாண வீட்டில் சொல்கிற கதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

எங்கள் அப்பா குடித்தால் ஒரே பேச்சுதான். “இது யார் வீடுன்னு நெனச்சே? என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என்னையே முறைக்கிறியா?” யசு அப்போது இரண்டாம் வகுப்பு. ஒரு நாள் அடி வாங்கிவிட்டு நேராக வாசலுக்குப் போனான். ஷூ போட்டான். குனிந்து வணங்கி, “ரொம்ப நாள் தொந்தரவு கொடுத்துட்டேன்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தான். எங்கே கற்றானோ. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அப்பா அதைக் கேட்டுச் சிரிப்பார். அம்மாவும் பயத்தில் சிரிப்பார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடுவேன். அந்த வார்த்தைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அர்த்தம்தான். வந்து என்னைக் கூட்டிட்டுப் போ.

அவன் போகிற இடமும் ஒன்றுதான். எங்கள் ஊர்க் கடல்முனைக்கு மேலே பழைய கலங்கரை விளக்கத்தின் சாமான் குடில். எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான்.

அவன் காணாமல் போனதற்கு முந்தைய வருடம் மண் சரிந்து அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். யாரும் போவதில்லை. அவனுடைய ஃபோன் கடைசியாக உவேனோ ஸ்டேஷனில் இருந்தது என்று போலீஸ் டோக்கியோவிலேயே தேடியது. உவேனோவிலிருந்துதான் இங்கே ரயில் வருகிறது. அது எனக்கு அப்போதும் தெரியும். வந்திருந்தால் என்னிடம்தானே வந்திருப்பான் என்று இருந்துவிட்டேன்.

என்னிடம்தான் வந்திருக்கிறான்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதப் பார்த்தேன். இருக்கிறது. அவன் சொன்னதை நீ சொல்லியிருந்தால் நான் அன்றே போயிருப்பேன். நான் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் நீ சிரித்திருக்க மாட்டாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எதையும் கீழே வைக்க முடியவில்லை.

இசோபே அம்மாவின் மருமகன் தீயணைப்புப் படையில் இருக்கிறார். நாளைக் காலை பாறை வழியாகக் கூட்டிப் போகிறேன் என்றார். பனி உருகும்வரை பொறுக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன்.

தொமோயே

•

டோக்கியோ
மார்ச் 24

அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த சோற்று உருண்டைகளை ரயிலில் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து நின்றபடியே சாப்பிட்டேன்.

தகன மேடைக்குப் பக்கத்தில் இருவரும் சேர்ந்து, கலசத்தில் வைக்க அவருடைய ஒரே எலும்பைக் குச்சிகளால் எடுத்தோமே, அப்போது என் குச்சி வழுக்கியது. நீங்கள் உங்கள் குச்சியை என் குச்சியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டீர்கள். ஏழு வருடத்தில் யாரும் என்னை அவ்வளவு கெட்டியாகப் பிடித்ததில்லை.

அவரோடு கிடைத்த மஃப்ளரை நீங்களே வைத்துக்கொண்டது சரிதான். அவருடைய மூக்குக்கண்ணாடி என் மேஜையில் இருக்கிறது. ஒரு பக்கத்து வில்லையில் கீறல் கூட இல்லை.

நீதிமன்றத்துக்கு மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டேன். இனி அவர்கள் அறிவிக்க ஒன்றுமில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கடைசிப் பகுதிக்கு இன்னும் நாலு நாளில் குரல் பதிவு. கோதொனே அவனைக் கண்டுபிடிக்கும் இடத்தில் ஒரு வரி இருக்கிறது. “மறுபடியும் வாங்கன்னு சொன்னேனே” என்று எழுதியிருந்தேன். இப்போது அதைப் படித்தால் எனக்காக நான் அழுவது போல இருக்கிறது. படத்தை மாற்ற முடியாது. ஆனால் எங்கள் படங்களில் வாய்க்கு மூன்றே வடிவம்தான். மூடியது, பாதி திறந்தது, முழுக்கத் திறந்தது. அதே நீளத்தில் எந்த வார்த்தையை வைத்தாலும் பொருந்தும்.

அவரைக் கண்டெடுத்த குடிலை எனக்குக் காட்டக் கூட்டிப் போனபோது, வாசலில் நீங்கள் குனிந்து உள்ளே பார்த்து ஏதோ சொன்னீர்கள். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. சின்ன வயதில் அவரைக் கூப்பிடப் போகும்போது சொன்னதாக இருக்கும் என்று நினைத்தேன். அது என்ன? அவளுக்குத் தரலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம்.

மினாகோ

•

ஓகுராஹமா
மார்ச் 25, அவசரத் தபால்

மினாகோ,

“விருந்தாளிங்க எல்லாம் போயாச்சு. வீட்டு ஆளுங்க மட்டும்தான் இருக்கோம். வா.”

இதுதான். அவன் விருந்தாளி மாதிரிப் பேசிவிட்டுப் போனானே, அதற்குப் பதில். நான் சொன்னதும் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து “அப்பாவும் போயாச்சா?” என்று கேட்பான். “தூங்கியாச்சு” என்பேன். வருவான்.

அந்தப் பெண்ணுக்குக் கொடு. சொல்லும்போது அழ வேண்டாம் என்று சொல். நான் அழுததே இல்லை. அவசரமாகச் சொல்வேன், அடுப்பில் குழம்பு இருக்கும்.

தொமோயே

•

டோக்கியோ
ஏப்ரல் 8

அக்காவுக்கு,

கடைசிப் பகுதியைப் பார்த்திருப்பீர்கள். கோதொனேவுக்குக் குரல் கொடுக்கும் நடிகை முதல்முறை அழுதுகொண்டே சொன்னாள். நான் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து, “அடுப்புல குழம்பு இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க” என்றேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவளுக்கு மட்டும் புரிந்தது. அடுத்த முறை சொன்னபோது அறையில் யாரும் அசையவில்லை. இத்தனை காலம் எழுதியதில் இந்த ஒரு வரிதான் மிச்சம் நிற்கும். அது நான் எழுதியது இல்லை.

இசோபே அம்மாவிடம் சொல்லுங்கள், மருந்துக்கடைக்காரருக்குக் கையில் தீக்காயம், அதனால்தான் க்ளவுஸ். அவர் பாவம்.

வீட்டுச் சாமான்களையெல்லாம் காலி செய்தாகிவிட்டது. பாத்திரங்களைக் கொடுத்துவிட்டேன். தரையைத் துடைத்தேன். தொடர் முடிந்ததும் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன், ஒன்றும் தோன்றவில்லை. மிகவும் அமைதியாக இருக்கிறது. இனி யாருக்காகவும் எந்தக் கதவையும் வைத்திருக்க வேண்டியதில்லை.

அவரைக் கட்டிக்கொண்டு உங்கள் குடும்பத்துக்குள் வந்தேன். உங்களுக்கு வருத்தம்தான் கொடுத்தேன். கடைசியில் அவரை உங்கள் ஊர் மண்ணிலேயே விட முடிந்தது. அதற்கு நன்றி. இத்தனை வருடம் ரொம்பவே தொந்தரவு கொடுத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மினாகோ

•

டோக்கியோ, உன் கதவுக்கு வெளியே
ஏப்ரல் 10, மதியம்

மினாகோ,

பார்லர் ரசீதின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், வேறு தாள் இல்லை.

உன் கடிதம் காலையில் வந்தது. கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் படித்தேன். இசோபே அம்மா தலையில் பாதிச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தார். “நீங்களே கழுவிக்கங்க” என்று சொல்லிவிட்டு ஏப்ரனோடு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். “எங்கடி ஓடுறே?”ன்னு கத்தினார். ரயிலில் எல்லாரும் என் ஏப்ரனைப் பார்த்தார்கள்.

மரியாதைக்காக எழுதினாயா, வேறு எதற்காகவாவது எழுதினாயா என்று நான் கேட்கப் போவதில்லை. அதை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு இனி தைரியம் கிடையாது. அந்த வார்த்தையை என் வீட்டு ஆட்கள் சொன்னால் நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூன்று முறை மணி அடித்துவிட்டேன். ஃபோனும் செய்தேன், உள்ளே மணி கேட்டது. வெளியே கரண்ட் மீட்டர் ஓடுகிறது. நீ உள்ளேதான் இருக்கிறாய். பூட்டுத் திறக்கிறவரைக் கூட்டிவரச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பியிருக்கிறேன். அதற்கு முன்னால் இதைத் தபால் துளை வழியாகப் போடுகிறேன்.

என் வீட்டு வாசலில் ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். நீலம் கிடைக்கவில்லை, பழுப்பு. அளவு தெரியாது. பெரிதாக இருந்தால் பஞ்சு வைத்துக்கொள். விருந்தாளிச் செருப்பு மேல் தட்டில் இருக்கிறது. அது உனக்கு இல்லை.

உள்ளே தரையில் ஏதோ நகர்கிற சத்தம் கேட்கிறது. கேட்டுவிட்டது, மினாகோ. நான் அழவில்லை. அவசரமாகத்தான் சொல்கிறேன்.

விருந்தாளிங்க எல்லாம் போயாச்சு. வீட்டு ஆளுங்க மட்டும்தான் இருக்கோம். வா.